காய்ச்சல் விட்டாச்சு, பையன் ஓடியாடுகிறான். மறுபடி மறுபடி எக்கோ (இதய ஸ்கேன்) எதற்கு?

திருப்பூர்_மீனா | 4 ஜூலை 2021, இரவு 10.12

வணக்கம். மே கடைசியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. மாமனாருக்கு ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போனது. பையனுக்கு (7 வயது, 24 கிலோ) லேசாக உடம்பு சுட்டது, அவ்வளவுதான். டெஸ்ட்கூட எடுக்கவில்லை.

ஜூன் நடுவில் திடீரென்று 103 டிகிரி காய்ச்சல், வாந்தி, தொட விடாத வயிற்று வலி. பக்கத்து கிளினிக்கில் சாப்பாடு சேரவில்லை என்றார்கள். அடுத்துப் பார்த்த இடத்தில் குடல்வாலாக இருக்கும், ஆபரேஷனுக்குத் தயாராக இருங்கள் என்றார்கள். கண் இரண்டும் செக்கச்செவேல், ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து, முதுகெல்லாம் தடிப்பு. நான்காம் நாள் கை கால் ஜில்லென்று ஆகிக் கூப்பிட்டால் சோர்ந்து பார்த்தான். கோவைக்கு ஓடினோம்.

அங்கே எக்கோ எடுத்துவிட்டு, இதயம் பம்ப் பண்ணும் அளவு 38 சதவீதம்தான் இருக்கிறது, இது எம்.ஐ.எஸ்.-சி, கொரோனாவுக்கு அப்புறம் குழந்தைகளுக்கு வருவது என்றார்கள். ஐ.சி.யூ., இம்யூனோகுளோபுலின் என்று ஆன்டிபாடி மருந்து, ஸ்டீராய்டு. கடவுள் புண்ணியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் எக்கோவில் 56.

அடுத்த வாரம் ஒரு எக்கோ, ஆகஸ்டில் ஒன்று, அப்புறமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரும் மாமியாரும், "பையன்தான் நல்லா இருக்கானே, எதுக்கு அலையணும், எல்லாம் பணம் பிடுங்குற வேலை" என்கிறார்கள். நகை ஏற்கெனவே அடகில். உண்மையிலேயே தேவையா? சைக்கிள் ஓட்டவும் கூடாதாம். அவனைப் பிடித்து வைக்க என்னால் முடியவில்லை.

பொன்னேரி_குமரன் | 4 ஜூலை 2021, இரவு 11.40

தங்கச்சி, கட்டாயம் போங்கள். என் மகளுக்குப் போன வருடம் முதல் அலை முடிந்த சமயத்தில் இதே கதைதான். அட்மிஷனில் எடுத்த எக்கோவில் இதய ரத்தக்குழாய் நார்மல். வீட்டுக்கு வந்து, காய்ச்சலும் இல்லாமல், பசியும் திரும்பி, தம்பியோடு சண்டை போட ஆரம்பித்த பிறகு எடுத்த எக்கோவில்தான் இடது பக்கக் குழாய் அகலமாகியிருப்பது தெரிந்தது. அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. குழந்தை ஒரு இருமல்கூட இருமவில்லை.

இயற்கைவழி | 5 ஜூலை 2021, காலை 6.55

பயமுறுத்துவதற்கு ஓர் அளவு உண்டு நண்பர்களே. நம் காலத்தில் காய்ச்சல் வந்தால் நிலவேம்பு, கஞ்சி, மூன்று நாள் படுக்கை. எவன் எக்கோ எடுத்தான்? குழந்தைக்குப் பசி எடுக்கிறது, விளையாடுகிறது என்றால் அதைவிடப் பெரிய டெஸ்ட் எது? இன்னொன்று, அமெரிக்காவில் தடுப்பூசி போட்ட பையன்களுக்கு இதயத்தில் வீக்கம் என்று போன மாதம் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

குழந்தை_மருத்துவன்_மதுரை | 5 ஜூலை 2021, மதியம் 2.20

மீனா அம்மா, முதலில் உங்களுக்குப் பதில். அதற்குப் பின் அய்யாவுக்கு.

இந்த நோய் வருவதற்குள் வைரஸின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்புப் படை வேண்டாத அளவுக்குச் சூடாகிறது. அதனால்தான் நிறையக் குழந்தைகளுக்கு மூக்கில் எடுக்கும் டெஸ்ட் நெகட்டிவ் வரும். ரத்தத்தில் ஆன்டிபாடி மட்டும் இருக்கும். முதல் தொற்று இருந்ததே தெரியாமல் போனவர்கள் ஏராளம். உங்கள் பையன் கதை அப்படியே அதுதான்.

இதை முதலில் மோப்பம் பிடித்தது ஐரோப்பாவில். இத்தாலியின் பெர்காமோ நகரில் 2020 பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 20 வரை கவசாகி நோய் (குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் வீங்கும் நோய்) போன்ற அறிகுறிகளோடு 10 குழந்தைகள் வந்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அதே மருத்துவமனையில் மொத்தமே 19 பேர். ஏப்ரல் கடைசியில் பிரிட்டன் எச்சரிக்கை விட்டது. மே நடுவில் உலக சுகாதார நிறுவனம் இலக்கணம் வகுத்தது. சென்னையில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையிலிருந்து 8 வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய குறிப்பு 2020-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஆக, இது நேற்று யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல.

இதயம் இரண்டு விதமாக அடிபடும். ஒன்று, தசை வீங்கிச் சுருங்கும் சக்தி குறைவது. 38 என்று சொன்னது அதைத்தான். 55-க்கு மேல் இருந்தால் நார்மல் என்போம். இது பெரும்பாலும் சீக்கிரம் சரியாகும், பல குழந்தைகளுக்குச் சில நாளிலேயே. இரண்டு, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய்களின் சுவர் வீங்கிக் குழாய் அகலமாவது. சிலருக்கு அது பலூன் மாதிரி புடைத்து, உள்ளே ரத்தம் உறையலாம். குமரன் சொன்னதுபோல் இது தாமதமாக வரலாம், வெளியே ஓர் அறிகுறியும் காட்டாது. குழந்தை ஓடுவதை வைத்துக் குழாயின் அகலத்தைச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. எக்கோவை ஓரிரு வாரத்தில் ஒரு தடவை, 4 முதல் 6 வாரத்துக்குள் ஒரு தடவை திரும்ப எடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆரம்பத்தில் இதயம் பாதித்திருந்தால் ஒரு வருடம் கழித்தும் பார்ப்பது நல்லது.

சைக்கிள் விஷயம். தசை வீங்கியிருந்த இதயம் வேகமாக அடிக்கும்போது துடிப்பின் தாளம் தப்பும் ஆபத்து உண்டு. எக்கோவில் 56 வந்துவிட்டாலும் வீக்கம் முழுக்க வடிந்தது என்று அர்த்தமில்லை. 3 முதல் 6 மாதம் வரை ஓட்டப் பந்தயம், நீச்சல், கிரிக்கெட் வேண்டாம் என்பது அதனால். வீட்டுக்குள் நடப்பது, கேரம், வரைவது எல்லாம் தாராளமாக.

இயற்கைவழி அய்யா, அமெரிக்கச் செய்தி உண்மைதான். அது எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளான ஃபைசர், மாடர்னா பற்றியது. பெரும்பாலும் இளைஞர்களுக்கு, இரண்டாம் டோஸுக்குப் பின், அபூர்வமாக. அந்த ஊசிகள் நம் ஊரில் போடப்படவில்லை. அதோடு, 18 வயதுக்குக் கீழே இங்கே எந்தக் கொரோனா ஊசியும் இன்னும் கிடையாது. இந்தப் பையனுக்கு வந்ததற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

பணம் பற்றிய கோபத்தில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டி-டைமர், ஃபெரிட்டின் மாதிரி ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நார்மலான பிறகும் வாரா வாரம் எடுக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. எதற்கு என்று கேட்கலாம், தப்பே இல்லை. ஆனால் எக்கோவில் கை வைக்காதீர்கள். மீனா அம்மா, அதே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. குழந்தைகளுக்கு எக்கோ பார்த்துப் பழகியவர் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் எடுத்தாலும் போதும். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு போங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பிரயோஜனம்.

சிஸ்டர்_ஜெயா | 5 ஜூலை 2021, இரவு 9.05

குழந்தைகள் ஐ.சி.யூ.வில் பல வருடமாக வேலை பார்ப்பவள். டாக்டர் நோயைச் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்துதான் வருகிறார்கள்.

நெற்றி கொதிக்கும், கை விரலைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். அதுதான் முதல் மணி. பிள்ளையின் விரல் நுனியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். வெளுத்த இடத்தில் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதற்குள் சிவப்பு திரும்பிவிட வேண்டும். மூன்று, நான்கு என்று இழுத்தால் ஆட்டோ பிடியுங்கள், அடுத்த நாள் ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். ஏ.சி. அறையில் இருந்தால் சாதாரணப் பிள்ளைக்கும் விரல் ஜில்லென்று இருக்கும், அதையும் கவனத்தில் வையுங்கள்.

மற்றவை: மூச்சு வாங்குவது, காய்ச்சல் இறங்கிய பிறகும் நாடி படபடவென்று அடிப்பது, ஒன்றுக்குப் போவது குறைவது, எழுப்பினாலும் மயங்கிச் சாய்வது. வாந்தி பேதியோடு வரும் பிள்ளைக்கு நீர்ச்சத்துக் குறைவு என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றி, பலவீனமான இதயம் தாங்காமல் நெஞ்சில் நீர் கோத்து வந்த கேஸ்களையும் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் "வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்னால் கொரோனா வந்தது" என்பதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். யாரும் கேட்கும்வரை இருக்காதீர்கள்.

இம்யூனோகுளோபுலின் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. மீனாவின் பையனுக்குச் சுமார் 48 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் பத்து. குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் உள்ளங்கையில் மெல்ல உருட்டித்தான் மாட்டுவோம். முதல் அரை மணி நேரம் சொட்டு சொட்டாக. குளிர் நடுக்கம், தடிப்பு இல்லை என்று பார்த்துப் பார்த்து வேகம் கூட்டுவோம். முடிய அரை நாள் ஆகும். அது வரை அந்தக் கட்டிலை விட்டு நகர மாட்டோம். "சும்மா குளுக்கோஸ் ஏத்தினதுக்கு லட்ச ரூபாய் பில்" என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

யாழ்_தர்ஷினி | 6 ஜூலை 2021, காலை 8.30

வணக்கம். நான் யாழ்ப்பாணம். என்ர அம்மாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிறகு இதய வால்வு பழுதாகிப் போனது. மூன்று கிழமைக்கு ஒருக்கா பெனிசிலின் ஊசி போட்டவ. அதுவும் இதே மாதிரிச் சாமான் தானோ டொக்டர்? பிள்ளையளுக்கும் அப்படி வருஷக்கணக்கா ஊசி போட வேண்டி வருமோ?

குழந்தை_மருத்துவன்_மதுரை | 6 ஜூலை 2021, மதியம் 1.15

இல்லை சகோதரி. உங்கள் அம்மாவுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல். அதற்குக் காரணம் வைரஸ் இல்லை, தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. எதிர்ப்புச் சக்தி தடம் மாறி இதயத்தைத் தாக்குவது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. ருமாட்டிக் நோய் வால்வை நிரந்தரமாகச் சிதைக்கும்; ஒவ்வொரு தொண்டைத் தொற்றும் திரும்பக் கிளறும், அதனால்தான் வருடக்கணக்கில் பெனிசிலின். எம்.ஐ.எஸ்.-சி.யில் வால்வில் லேசான கசிவு வந்தாலும் வீக்கம் வடிந்ததும் பெரும்பாலும் போய்விடும். பெனிசிலினுக்கு அங்கே வேலை இல்லை.

கவசாகி என்பது இன்னொன்று. ஜப்பான் மருத்துவர் டொமிசாகு கவசாகி 1967-ல் 50 குழந்தைகளை வைத்து விவரித்த நோய். போன வருடம் ஜூனில், 95 வயதில் இறந்தார்; அவர் பெயரை உலகமே உச்சரித்துக்கொண்டிருந்த நேரம். கவசாகி அதிகமும் 5 வயதுக்குக் கீழே, எம்.ஐ.எஸ்.-சி 8, 9 வயதைச் சுற்றி. கவசாகிக்கு வைத்தியமே செய்யாவிட்டால் நாலில் ஒரு குழந்தைக்குக் கரோனரிக் குழாய் புடைக்கும். முதல் 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போகும். அதைக் கிளப்பிவிடுவது எது என்று இன்றுவரை உறுதியாகப் பிடிபடவில்லை. ஏதோ ஒரு தொற்று என்ற சந்தேகம் மட்டும் பழையது.

தர்மபுரி_அப்பா | 6 ஜூலை 2021, இரவு 10.48

டாக்டர் சார், அண்ணன் மகள் இப்போது இதே நோயோடு உள்ளே இருக்கிறாள். அவ்வளவு பாட்டில் வாங்க வசதியில்லை. ஸ்டீராய்டு மட்டும் போட்டால் ஆகாதா? அங்கே கேட்டால் "உங்கள் இஷ்டம்" என்கிறார்கள். எங்கள் இஷ்டத்துக்கு என்ன தெரியும்?

குழந்தை_மருத்துவன்_மதுரை | 6 ஜூலை 2021, இரவு 11.30

நேரடியாகச் சொல்கிறேன். போன மாதம் ஒரே நாளில், ஒரே இதழில், இரண்டு ஆய்வுகள் வெளியாயின. நியூ இங்கிலாந்து ஜர்னல், ஜூன் 16. அமெரிக்க ஆய்வு இம்யூனோகுளோபுலினோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் இதயத்துக்கு நல்லது என்றது. பல நாடுகள் சேர்ந்த மற்ற ஆய்வு, இது மட்டும், அது மட்டும், இரண்டும் சேர்த்து என்று ஒப்பிட்டு, தேறுவதில் பெரிய வித்தியாசம் காணவில்லை. எனவே ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது கைவிட்டதற்குச் சமம் என்று நினைத்து நொந்துபோகாதீர்கள். ஆனால் பம்ப் குறைந்திருந்தால், குழாய் அகலமாக இருந்தால், நான் இரண்டையும்தான் கொடுப்பேன். காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே கேளுங்கள். இல்லையென்றால், குழந்தை பயணம் தாங்கும் நிலையில் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் முடிவை அங்கே இருக்கும் மருத்துவர் எடுக்கட்டும். வீட்டார் சொந்தமாக டிஸ்சார்ஜ் வாங்கிக் காரில் கொண்டு போகாதீர்கள்.

மட்டுறுத்துநர் | 7 ஜூலை 2021, காலை 7.00

மாத்திரை அளவு எழுதிய இரண்டு பதிவுகளும், பப்பாளி இலைச்சாறு பற்றிய ஒன்றும் நீக்கப்பட்டன. தட்டணு (பிளேட்லெட்) குறைந்தால் எல்லாமே டெங்கு இல்லை. இந்த நோயிலும் ஆரம்பத்தில் குறையும், ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலிலும் குறையும். ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் எடுத்துப் போட்டு "என்ன நோய்" என்று கேட்க வேண்டாம்.

திருப்பூர்_மீனா | 15 ஜூலை 2021, மாலை 6.20

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பேசாமல் போய் வண்டி சொல்லிவிட்டு வந்தார்.

எக்கோ எடுத்தாயிற்று. ஜெல்லி தடவியதும் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து, அந்த அம்மா மூன்று தடவை கருவியை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் மொபைலில் டாம் அண்ட் ஜெர்ரி போட்டுக் கொடுத்தார், அமைதியானான். பம்ப் 61. ஆனால் இடது குழாய் கொஞ்சம் அகலம், இசட் ஸ்கோர் 2.3 என்று எழுதியிருக்கிறார்கள். போன தடவை 1.4. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் சின்ன அளவில் தொடரச் சொன்னார்கள். இது எவ்வளவு மோசம்?

குழந்தை_மருத்துவன்_மதுரை | 15 ஜூலை 2021, இரவு 9.50

மோசம் இல்லை. இசட் ஸ்கோர் என்பது அதே உடல் அளவுள்ள பிள்ளைகளோடு குழாயின் அகலத்தை ஒப்பிடும் எண். 2 வரை நார்மல், 2-க்கும் 2.5-க்கும் நடுவில் லேசான அகலம், 2.5 தாண்டினால்தான் அனூரிசம், அதாவது குழாய்ப் புடைப்பு என்போம். இந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் தானே சுருங்கும். ஆனால் போகாமல் இருந்திருந்தால் ஆஸ்பிரினை நிறுத்தியிருப்பீர்கள்.

ஆஸ்பிரின் இருக்கும்வரை இரண்டு விஷயம். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் சிரப் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரின் வேலையைக் கெடுக்கும், பாராசிட்டமால் மட்டும். பையனுக்கோ வீட்டில் யாருக்கோ சின்னம்மை, ஃப்ளூ மாதிரி ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பிரினும் அந்த வைரஸ்களும் சேர்ந்தால் ரேய் சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒன்று அபூர்வமாக வரும். ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

இயற்கைவழி | 16 ஜூலை 2021, காலை 7.10

குழாய் அகலமானது வெளியே தெரியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஏழை வீட்டுக்கு நாலு எக்கோவின் செலவும் வெளியே தெரியாத நோய்தான். அதையும் யாராவது எழுதுங்கள்.

சிஸ்டர்_ஜெயா | 16 ஜூலை 2021, மதியம் 3.30

எழுதலாம் அய்யா. அரசு மருத்துவமனையில் எக்கோவுக்குக் காசு இல்லை, வரிசைதான் உண்டு. காலை ஏழரைக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், டிஸ்சார்ஜ் அட்டையை மேலே தெரிகிற மாதிரி வைத்துக் கொடுங்கள்.

திருப்பூர்_மீனா | 9 பிப்ரவரி 2022, இரவு 8.15

பழைய இழையை மேலே கொண்டு வருகிறேன். ஆகஸ்ட் எக்கோவிலேயே குழாய் நார்மல், ஆஸ்பிரின் நிறுத்தியாயிற்று. ஜனவரியில் சைக்கிளுக்கு அனுமதி. இந்த ஒமைக்ரானில் வீட்டில் எல்லோருக்கும் திரும்பக் காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் தினமும் அவன் விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், "போதும்மா" என்று கையை உதறினான். ஒன்றும் வரவில்லை. இப்போது பிள்ளைகளுக்கான டாக்டர் விட்டுப்போன அம்மைத் தடுப்பூசியைப் போடலாமா என்று பார்க்கிறார். போடலாமா?

குழந்தை_மருத்துவன்_மதுரை | 10 பிப்ரவரி 2022, காலை 11.05

மகிழ்ச்சி. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இம்யூனோகுளோபுலின் போட்டு 11 மாதம் கழித்துத்தான் போட வேண்டும். வெளியிலிருந்து வந்த ஆன்டிபாடிகள் ஊசியை வேலை செய்ய விடாது. உங்கள் கணக்கில் மே கடைசி. மற்ற ஊசிகளுக்குத் தடை இல்லை.

ஸ்வான்சீ_சுந்தர் | 21 மே 2023, மாலை 5.40

வணக்கம். வேல்ஸில் இருக்கிறோம், மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். எங்கள் பகுதியில் பிறந்த குழந்தைகளுக்கு வைரஸால் இதயத் தசை வீக்கம் வந்ததாக உலக சுகாதார நிறுவனமே அறிவித்திருக்கிறது. இது கொரோனா இல்லையாம், காக்ஸாக்கி என்ற வேறு வைரஸாம். ஊரில் அம்மா போன் செய்து, போன வருடம் கேரளாவில் வந்த தக்காளிக் காய்ச்சல்தானே அது என்று கேட்கிறார். இரண்டும் ஒன்றா?

குழந்தை_மருத்துவன்_மதுரை | 22 மே 2023, இரவு 10.10

ஒரே குடும்பம், வேறு வேறு பிள்ளைகள். தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் பரவியது கை, கால், வாய் நோய்தான். காக்ஸாக்கி ஏ16 என்று பரிசோதனையில் தெரிந்தது. கொப்புளம், வாய்ப்புண், ஒரு வாரத்தில் போய்விடும். இதயத்தைக் குறி வைப்பது காக்ஸாக்கி பி வகை. இதயத் தசைச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைக் கதவாகப் பிடித்து உள்ளே நுழைந்து செல்லையே உடைக்கும். கொரோனாவுக்குப் பின் வந்ததுபோல் வாரக்கணக்கில் காத்திருக்காது, தொற்று இருக்கும்போதே தாக்கும்.

பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அது வெறும் சளி, வயிற்றுப்போக்கு. பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து, அதுவும் அபூர்வமாக. பிரசவ சமயத்தில் தாய்க்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் மருத்துவச்சியிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினால், நிறம் சாம்பலாக மாறினால், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், நேராக அவசரப் பிரிவு. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம்.

ஸ்வான்சீ_சுந்தர் | 22 மே 2023, இரவு 11.25

நன்றி டாக்டர். ஜூலையில் ஊரிலிருந்து மச்சினி குடும்பம் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வருகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சிஸ்டர்_ஜெயா | 23 மே 2023, காலை 9.00

வரட்டும், சந்தோஷமாக இருங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், சானிடைசர் இந்த வைரஸுக்கு அவ்வளவாக வேலைக்காகாது. பிள்ளைகள் பாப்பாவைத் தூரத்திலிருந்து பார்க்கட்டும், முத்தம் வேண்டாம். யாருக்காவது பேதியோ கொப்புளமோ இருந்தால் அவர்கள் மட்டும் இரண்டு வாரம் தள்ளி வரட்டும். டயாப்பர் மாற்றிய கையோடு பால் புட்டியைத் தொடாதீர்கள். மச்சினி கோபித்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று எங்கள் தலையில் போட்டுவிடுங்கள்.